குனிந்த முகத்துக்கு ஒரு மேக்கப்

நம் கல்யாண ஆல்பத்தில் ஆயிரம் படங்கள் இருக்கலாம். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டுவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: தாலி ஏறுகிற படம். அந்தப் படத்தில் பெண் கேமராவைப் பார்ப்பதில்லை. தலை குனிந்திருக்கிறது, இமை தாழ்ந்திருக்கிறது, மாலை கன்னத்தை உரசுகிறது. மூன்றாம் முடிச்சுக்காகப் பின்னால் நாத்தனார் கை நீட்டிக் காத்திருக்கிறாள். மேலிருந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது. அலங்கார அறைக் கண்ணாடியில் நேருக்கு நேர் பார்த்துத் திருப்திப்பட்ட முகம் அந்தக் கணத்தில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் இமை, வகிடு, காது, பிடரி, கன்னத்தின் பக்கவாட்டு. நல்ல கல்யாண மேக்கப் எது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் படத்தைத்தான். நிமிர்ந்து சிரிக்கிற படம் பல குறைகளை மன்னித்துவிடும். குனிந்த படம் எதையும் மன்னிக்காது.

அதனால் இமையிலிருந்தே தொடங்குகிறேன். இமை எண்ணெய் கசியும் இடம். விடியற்காலை மூன்று மணிக்குப் பூசிய நிறம் ஆறு மணி முகூர்த்தத்துக்குள் மடிப்பில் ஒதுங்கி ஒரு கோடாக நின்றுவிடும். கண் திறந்திருக்கும்வரை அது மடிப்புக்குள் மறைந்திருக்கும். இமை தாழ்ந்ததும் வெளியே வந்துவிடும். தேர்ந்த கை இதைச் சமாளிக்கும் விதத்தை அருகிலிருந்து பார்ப்பதே ஒரு சுகம். ப்ரைமரை மிக மெல்லிசாக, மோதிர விரலின் நுனியால் தட்டித் தட்டி இறக்குவார்கள். அதன்மேல் தோலைவிட ஒரு சாயல் ஆழ்ந்த பழுப்பை மடிப்பைத் தாண்டிச் சற்று மேலே ஏற்றுவார்கள். இமையின் நடுவில், விழியின் உருட்சி மேடாக நிற்கிற அந்த ஓரிடத்தில் மட்டும் பழம்பொன் நிறத்தில் ஒரு மினுக்கு. பிறகு பெண்ணை ஒருமுறை கண் மூடச் சொல்லி, ஒருமுறை பாதி தாழ்த்தச் சொல்லிப் பார்ப்பார்கள். மினுக்கின் துகள் பெரிதாக இருந்தால் பிளாஷ் அடிக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனி வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். கன்னத்தில் உதிர்ந்ததும் சேர்ந்து தெரியும். துகள் நைசாக இருந்தால் ஒளி இமையின் வளைவை ஒரே சீராகத் தடவிக்கொண்டு போகும். புடவை ஜரிகையில் ஓடுகிற பொன்னும் இமையில் படிந்த பொன்னும் ஒரே பொன்னாகத் தெரிகிற படங்கள் உண்டு. பார்க்கிறவருக்கு அந்தப் படம் ஏன் பிடித்தது என்றே தெரியாது.

இமைமயிரிலும் இதே நுட்பம்தான். மண்டபத்து விளக்கு உயரத்திலிருந்து வருகிறது. வீடியோக்காரரின் எல்இடி விளக்கும் ஸ்டாண்டில் தலைக்கு மேலேயே நிற்கும். குனிந்த முகத்தில் அடர்த்தியான ஒட்டு இமைமயிர் இருந்தால் அதன் நிழல் கண்ணுக்குக் கீழே பட்டையாக விழுந்து, இரண்டு நாள் தூங்காத முகமாகக் காட்டும். அதற்குப் பதில் கடைக்கண்ணில் மட்டும் சில மயிர்க்கொத்துகளைத் தனித்தனியே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது நிழல் இழை இழையாகப் பிரிந்து கன்னத்தில் விழும். அந்த நிழலே அழகு.

ஹோமப் புகையைச் சொல்லாமல் கண்ணை விட்டு நகர முடியாது. நெய்யும் சமித்தும் எரிகிற புகையில் யாருக்கும் கண் கலங்கும். கன்னிகாதானத்தில் அப்பாவின் குரல் தழுதழுத்துவிட்டால் புகையே தேவையில்லை. கீழிமையின் உள்விளிம்பில் இழுத்த மைதான் அப்போது முதலில் கரையும். வாட்டர் ப்ரூப் என்று டப்பாவில் எழுதியிருப்பதோடு விட்டுவிடாமல், மைக்கோட்டின் மேல் அதே நிறப் பொடியை மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றி உறைய வைப்பது நல்ல வழக்கம். கண்ணைத் துடைக்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிற தங்கையிடம் மடித்த டிஷ்யூ ஒன்றைக் கொடுத்துச் சொல்லிவைப்பார்கள். கலங்கிய கண்ணின் ஈரம் படத்தில் ஒரு துளி வெளிச்சமாக நிற்கட்டும். அதை எந்த மேக்கப்பாலும் செய்ய முடியாது. மை மட்டும் கன்னத்துக்கு இறங்கக் கூடாது.

கேமரா முன்னால் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஒரு வரம் உண்டு. அதைப் பற்றிப் பேச எனக்கு அலுப்பதே இல்லை. தோலின் மேற்பரப்பில் பட்டு அப்படியே தெறிக்கிற ஒளி எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தோலுக்குள் புகுந்து திரும்பி வருகிற ஒளிதான் நிறத்துக்கு நிறம் வேறுபடும். வெளிர்ந்த தோலில் இரண்டும் கலந்துவிடுவதால் மினுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆழ்ந்த நிறத்தில் மினுக்கு தனியாக எழுந்து நிற்கும். கன்ன எலும்பின் மேடு, மூக்குத் தண்டு, மேலுதட்டின் வில், தோள்முனை இவ்வளவையும் ஒளியே வரைந்து கொடுத்துவிடும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்கள் இதை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்: கறுத்த உலோகத்தில் ஒரு கீற்று வெளிச்சம் ஓடினால் போதும், முகம் முழுவதும் உருப்பெற்றுவிடும். நம் தோலும் அப்படித்தான் படமாகிறது.

ஆகவே மினுக்கை எங்கே விடுவது, எங்கே அடக்குவது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நடு நெற்றி, மூக்கின் இரு ஓரம், மேலுதட்டுக்கு மேல், மோவாய்: இங்கெல்லாம் மினுக்கு வந்தால் கேமரா அதை வியர்வை என்று படிக்கும். கன்ன மேட்டின் உச்சியில் அதே மினுக்கு வந்தால் ஆரோக்கியம் என்று படிக்கும். முகம் முழுக்கப் பவுடர் போட்டு மங்கடித்தால் வியர்வை தெரியாதுதான். ஆனால் எலும்பும் தெரியாது, முகம் வட்டமான ஒரு பரப்பாகிவிடும். ஹைலைட்டரை அள்ளிப் பூசினால் இன்னொரு கெடுதல்: வெள்ளி மினுக்குள்ள ஹைலைட்டர் மாநிறக் கன்னத்தில் சாம்பல் பூத்தது போல நிற்கும். தேன் நிறம், செம்பு நிறம், வெண்கல நிறம் இவைதான் நம் தோலுக்குள் கரைந்து, உள்ளிருந்து வருகிற வெளிச்சமாகத் தெரியும். சில கலைஞர்கள் கன்ன மேட்டில் எதையுமே பூசாமல், அந்த இடத்தில் மட்டும் பவுண்டேஷனைக் குறைத்துத் தோலின் சொந்த மினுக்கை விட்டுவைப்பார்கள். எனக்கு மிகப் பிடித்த கை அதுதான்.

இந்த மினுக்கைக் கட்டுப்படுத்தும் முயற்சி சினிமாவில் நடந்து முடிந்த ஒன்று. டெக்னிகலர் வந்தபோது, அதுவரை நடிகர்கள் பூசிவந்த பசை மேக்கப்பின் பளபளப்பு பக்கத்திலிருந்த துணியின் நிறத்தையெல்லாம் வாங்கிக் கன்னத்தில் காட்டியது. மாக்ஸ் பேக்டர் நிறுவனம் இதற்காகவே பொடியைக் கெட்டிப்படுத்தி வில்லையாக்கியது. ஈர ஸ்பான்ஜால் தொட்டுப் பூசினால் அது பளபளப்பில்லாத மெல்லிய படலமாக உட்கார்ந்தது. 1937-ல் வெளிவந்த ‘வோக்ஸ் ஆஃப் 1938’ படம் அதைப் பிரபலமாக்கியது. பான்கேக் என்ற பெயரில் கடைக்கும் வந்தது. சென்னை ஜெமினி ஸ்டுடியோ அதை லாரிக்கணக்கில் வாங்கியதை, அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் தம் நினைவுக் கட்டுரைகளில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்றைய டெக்னிகலர் சங்கடம் இன்றைக்கும் நம் மணமேடையில் அப்படியே நடக்கிறது. அரக்கு நிறப் பட்டு தாடைக்கு அடியில் சிவப்பை வீசுகிறது. மாம்பழ மஞ்சள் அந்த இடத்தை மஞ்சளாக்குகிறது. கிளிப்பச்சைதான் எல்லாவற்றிலும் கடினம். தாடை விளிம்பில் அதன் சாயல் ஏறினால் முகம் நோயுற்றது போல ஆகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் தாடையின் கீழ்விளிம்பையும் கழுத்தையும் பளபளப்பில்லாமல் வைத்துக்கொண்டு, கன்ன மேட்டை மட்டும் மினுங்க விடுவார்கள். இதற்கு நேர்மாறாக உதவி செய்வது சம்பங்கி மாலை. போட்டோகிராபர்கள் வெள்ளை ரிஃப்ளெக்டர் பிடித்துச் செய்கிற வேலையை அது தன்பாட்டில் செய்கிறது. மேலிருந்து விழுகிற விளக்கொளியை வாங்கிக் குனிந்த முகத்துக்கே திருப்பித் தருகிறது. கண்ணுக்குக் கீழே உள்ள இருட்டைக் கரைக்கிறது. ரோஜா மாலையில் இந்த உதவி கிடைக்காது. அது தன் சிவப்பையும் சேர்த்தே தரும். மாலையின் நிறத்தைப் பூக்காரரிடம் சொல்கிற அன்றே மேக்கப் போடுகிறவரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பெண்ணின் நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளுப்பாகப் பவுண்டேஷன் போட்டால்தான் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய அநீதி இருக்கிறது. கலர் பிரிண்டின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே பல பத்தாண்டுகளுக்கு அளவுகோலாக இருந்தது. கறுத்த முகங்களின் நுட்பங்கள் அதில் தொலைந்துபோயின. இன்றைய டிஜிட்டல் கேமராவில் நிலைமையே வேறு. நம் நிறம் அதில் நடுவாந்தர வெளிச்சத்தில் வசதியாக உட்காருகிறது. மேலே மினுக்குக்கும் கீழே நிழலுக்கும் இடம் இருக்கிறது. அளவுக்கு மீறி வெளுத்த முகத்தின் மேல் வீடியோ விளக்கும் பிளாஷும் சேர்ந்து விழும்போது அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். டிஜிட்டல் படத்தில் அப்படி வெளுத்துப்போன இடத்தின் விவரத்தை எந்த எடிட்டிங்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அழகுக்கு அழகும் போயிற்று, முகத்துக்கு முகமும் போயிற்று.

அந்த ஏமாற்று வேலையை முதலில் காட்டிக்கொடுப்பது கை. நம் சடங்குகளில் முகமும் கையும் ஓயாமல் ஒரே படத்துக்குள் வருகின்றன. கன்னிகாதானத்தில் அப்பாவின் கை மேல் பெண்ணின் கை. பாணிக்கிரகணத்தில் மாப்பிள்ளையின் கைக்குள் பெண்ணின் கை. நமஸ்கரிக்கும்போது கும்பிட்ட கை முகத்துக்குப் பக்கத்திலேயே. அம்மி மிதிக்கும்போது பாதமும் படத்துக்கு வந்துவிடுகிறது. முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக இருக்கிற படத்தைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது. அந்தப் பெண்ணின் சொந்த நிறம் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று கைதான் சொல்கிறது. பிடரியும் காதும் அப்படியே. தாலி ஏறும்போது போட்டோகிராபர் நிற்பது பக்கவாட்டில். முகம் முடிந்து காது தொடங்குகிற இடத்தில் நிறம் மாறினால், முகமூடி மாட்டியது போலத் தெரியும். காது மடலின் பின்புறத்தையும் மறக்காமல் தொட்டுவிடுகிற கலைஞரைக் கண்டால் மரியாதை தானாக வருகிறது.

நிறம் பார்ப்பதில் நமக்கே உரிய ஒரு சிக்கல் நலங்கு. மஞ்சளின் சாயம் தோலில் பிடித்துக்கொள்ளும். குளித்தாலும் உடனே முழுவதும் போகாது. ஒரு மாதத்துக்கு முன் ஒத்திகையில் கச்சிதமாகப் பொருந்திய பவுண்டேஷன், நலங்கு முடிந்த தோலில் ரோஜாச் சாயலோடு தனியே நிற்கும். எல்இடி வெளிச்சத்தில் இந்த வேறுபாடு இன்னும் கண்ணை உறுத்தும். அனுபவசாலிகள் ஒரே புட்டியை நம்பி வருவதில்லை. மஞ்சள் தூக்கலான இன்னொன்றையும் கொண்டுவந்து, கல்யாணத்தன்று காலையில் தாடையோரத்தில் வைத்துப் பார்த்துக் கலந்துகொள்வார்கள். முகத்துக்கு நலங்கு மஞ்சளைக் குறைத்துப் பூசும்படி வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்கிறவர்களும் உண்டு. நான் சடங்கின் பக்கம்தான். மஞ்சள் பூசட்டும்; மேக்கப் அதற்கேற்ப மாறட்டும்.

பிளாஷ் சமாச்சாரமும் இதோடு சேர்ந்ததே. சன்ஸ்கிரீன்கள் பலவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் இருக்கின்றன. இரண்டும் ஒளியைச் சிதறடிக்கிற வெண்பொடிகள். நிறமே இல்லாதது போல் தெரிகிற சில செட்டிங் பவுடர்களில் உள்ள சிலிக்காவும் அப்படித்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; நேர் பிளாஷ் பட்டதும் கண்ணடியிலும் மூக்கோரத்திலும் மாவு தூவியது போல வெள்ளை எழும். வெயில் படாத மண்டபத்தில் விடியற்காலை முகூர்த்தம் என்றால் இவற்றை முகத்தில் அடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மாலை ரிசப்ஷனுக்கும் அப்படியே.

சின்னச் சின்ன இடங்களில்தான் நல்ல கை தன்னைக் காட்டுகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பாட்டிமார்களின் குங்குமம் கன்னங்கரேலென்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. கறுப்பாகவே பதிவு செய்யும். நம் காலத்துக் கேமரா குங்குமத்தின் ஒவ்வொரு துகளையும் காட்டுகிறது. தாலி கட்டியதும் மாப்பிள்ளை வகிட்டில் வைக்கிற குங்குமம் நெற்றியிலும் மூக்கிலும் உதிரும். மூக்கு பிசுபிசுப்பாக இருந்தால் அது கறையாக ஒட்டிக்கொள்ளும். பவுடர் ஒற்றிய மூக்காக இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் ஒரு தட்டில் போய்விடும். சிலர் அந்தச் சிவப்புத் தூளை அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுக்கச் சொல்வார்கள். நானும் விடச் சொல்வேன்; அந்த நாளில் மட்டுமே கிடைக்கிற அலங்காரம் அது.

வைர மூக்குத்தி ஒளிரும்போது அதன் அடியில் உள்ள மூக்கு மங்கலாக இருக்க வேண்டும். இரண்டும் பளபளத்தால் படத்தில் எது கல், எது தோல் என்று பிரியாது. நெற்றிச்சுட்டியின் நுனி தொங்குகிற இடத்தில் பொட்டுக்கு மேல் ஒரு விரற்கடை வெறும் நெற்றி விட்டிருந்தால் முகம் மூச்சு விடும். உதட்டுக்கு அரக்குப் புடவையின் அதே சிவப்பைப் போடாமல், ஒரு படி பழுப்புக் கலந்த சிவப்பைத் தேர்ந்தால் குங்குமத்தின் சிவப்பு தனித்து நிற்கும். கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டைப் பற்றி ஆல்பம் வடிவமைப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மரு என்று நினைத்து அழித்துவிடப் போகிறார். தோலைத் துடைத்து வழவழப்பாக்கும் எடிட்டிங்கையும் அதே மூச்சில் வேண்டாமென்று சொல்லிவிடலாம். இத்தனை நுட்பமாக விட்டுவைத்த மினுக்கை ஒரு சொடுக்கில் அழிக்கக் கூடியது அது.

மருதாணி இரண்டு நாள் முன்னதாக வைத்தால் முகூர்த்தத்தன்று ஆரஞ்சு மறைந்து செம்பழுப்பு ஏறியிருக்கும். தாலிச்சரடு மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தச் செம்பழுப்பு விரல்கள் வருகிற படத்துக்கு வேறு எந்த மேக்கப்பும் ஈடாகாது.

ஏர்பிரஷ்ஷா, கையால் போடும் எச்டி மேக்கப்பா என்ற விவாதத்துக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. ஏர்பிரஷ்ஷில் படலம் மெல்லிசு, பரப்பு சீர். ஆனால் கண்ணீர் வழிந்து தடம் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது சிரமம். கையால் போட்ட கிரீம் பவுண்டேஷனில் விரல் நுனியால் தட்டிச் சேர்த்துவிடலாம். அழக் கூடிய பெண் என்றால் கையால் போடுவதையே நான் சொல்வேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆல்பத்தில் உள்ள மெருகேற்றிய படங்களைக் காட்டினால் போதாது என்று சொல்லுங்கள். உங்கள் நிறத்தில் ஒரு பெண்ணுக்குப் போட்ட மேக்கப்பை, எடிட் செய்யாத படமாக, சாப்பாட்டுப் பந்தி முடிந்த நேரத்தில் எடுத்ததாகக் கேளுங்கள். ஒத்திகை போட்டுக்கொண்ட அன்று முகூர்த்தப் புடவை நிறத்தில் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, தலைக்கு மேல் விளக்கு இருக்கிற இடமாகப் பார்த்து நின்று, தலை குனிந்து, இமை தாழ்த்தி, இரண்டு கைகளையும் கன்னத்தருகே கூப்பி, பக்கவாட்டிலிருந்து பிளாஷ் போட்டு ஒன்றும் போடாமல் ஒன்றுமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படத்திலும் முகமும் காதும் கையும் ஒருத்தியுடையதாகவே இருந்தால், யோசிக்காமல் அவருக்கே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.